ஒரு பெட்டியில் இரு பாம்புகள்

பெங்களூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆனேக்கல்லுக்குச் செல்லும் அன்பர்கள், சாலையோரத்து ஊர்களில் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். அரசும் வேம்பும் பிணைந்து நிற்கும். அவற்றின் அடியில் ஒரு கல்மேடை. மேடையின்மீது வரிசையாக நாகர் கற்கள். சில கற்களில் ஒற்றை நாகம் படமெடுத்து நிற்கிறது. வேறு சிலவற்றில் இரண்டு நாகங்கள், கயிறு திரித்தாற்போல ஒன்றையொன்று சுற்றி, தலைகள் எதிரெதிரே நோக்க நிற்கின்றன. மக்கட்பேறு வேண்டும் பெண்கள் அந்த இணை நாகங்களுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு வலம் வருகிறார்கள்.

கல்லில் கண்டதை வயலிலும் கண்டோம் என்று கூறுவோர் பலர் உண்டு. இரண்டு பாம்புகள் உடலின் முன்பகுதியை உயர்த்தி, பின்னிப் பிணைந்து, சாய்ந்தும் எழுந்தும் நெடுநேரம் ஆடுவதைப் பார்த்துவிட்டு, 'சாரையும் நாகமும் இணை சேர்கின்றன' என்பார்கள். சாரை ஆண், நாகம் பெண் என்பது நம் பாட்டிமார் சொல்லி வந்த கணக்கு. அந்த ஆட்டத்தின்மேல் புதுத் துணியை வீசி எடுத்து வந்து பெட்டியில் வைத்தால் செல்வம் பெருகும் என்று நம்பித் துணியை இழந்தவர்களும் உண்டு.

விலங்கியல் அறிஞர்கள் கண்ட உண்மை வேறு. அங்கே நடப்பது காதல் அன்று, மற்போர். ஆடும் இரண்டும் சாரைகளே, இரண்டும் ஆண்களே. எதிரியின் தலையைத் தரையோடு அழுத்துவதுதான் அந்தப் போரின் குறி. பெரும்பாலும் கடியும் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. வலிமை குறைந்தது, தன் வலிமைக்குறைவை உணர்ந்தவுடன் விலகி ஓடிவிடுகிறது. 'விலகி ஓடிவிடுகிறது' என்ற இந்தச் சொற்களை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் முழுவதும் அவற்றில்தான் தொங்குகிறது.

பாம்புகளை ஒரே பெட்டியில் சேர்த்து வைக்கலாமா, தனித்தனியாக வைக்க வேண்டுமா என்பதே அப்பொருள். இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனேக்கல் வட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தால் தொடர்பு விளங்கும். ஒரு புறம் பன்னேர்கட்டாக் காடும் அதன் விலங்குக் காட்சிச் சாலையும்; மறுபுறம் ஓசூர்ச் சாலையை ஒட்டி எலக்ட்ரானிக் சிட்டியும் தொழிற்சாலைகளும். இடையே கேழ்வரகுக் கொல்லைகளும் கற்பாறைகளும், அவற்றை நாள்தோறும் தின்று வளரும் புதிய குடியிருப்புகளும். பாறை இடுக்கை இழந்த பாம்பு, எலியைத் தேடிக் குளியலறைக்கும் கிடங்குக்கும் வருகிறது. அதைப் பிடித்துக் காட்டோரம் விடுவதைத் தொண்டாகச் செய்யும் இளைஞர்கள் ஊருக்கு இரண்டொருவர் இருக்கிறார்கள். நகரத்திலோ, அயல்நாட்டு மலைப்பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் ஆசை சிலரிடம் தொற்றியிருக்கிறது. இவ்விரு சாராருக்கும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கையில் பாம்பு இரண்டு இருக்கும். பெட்டி ஒன்றுதான் இருக்கும்.

நமக்குத் தெரிந்த ஓர் இளைஞருக்கு அந்த நாள் ஒரு மழைக்காலத்து மாலையில் வந்தது. ஆனேக்கல்லில் பட்டுத்தறி நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். அன்று அத்திப்பள்ளியில் ஒரு வீட்டுக் குளியலறையிலிருந்து நான்கரை அடி நல்லபாம்பு ஒன்றைப் பிடித்து, மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பீப்பாயில் விட்டார். வீடு திரும்பும் வழியில் சந்தாபுரத்துக் கிடங்கு ஒன்றிலிருந்து அழைப்பு. அங்கே இருந்தது இரண்டரை அடிச் சாரைக்குட்டி. வேறு பாத்திரம் இல்லை, மழையும் விட்டபாடில்லை. 'ஓர் இரவுதானே' என்று அதையும் அதே பீப்பாயில் விட்டு மூடியை இறுக்கினார்.

மறுநாள் காலையில் நாம் அவர் வீட்டில் இருந்தோம். மூடியைத் திறந்து பார்த்தவர் திகைத்து நின்றார். நாகம் மட்டுமே இருந்தது. "ஐயா, மூடியை நான் தொடவே இல்லை, எப்படித் தப்பியது?" என்று கேட்டார். தப்பவில்லை. நாகத்தின் நடு உடல் வழக்கத்திற்கு மேல் பருத்திருந்தது. காட்டோரம் கொண்டு போய் விட்டபோது, தூக்கிய அதிர்ச்சியாலும் அச்சத்தாலும் அது உண்டதைக் கக்கியது. பாம்புகளுக்கு அது இயல்பு. வயிற்றில் பாரம் இருந்தால் ஓட முடியாதன்றோ? தலைப்பகுதி செரித்து உருத்தெரியாமல் போன சாரைக்குட்டி புல்லின்மேல் கிடந்தது. இளைஞர் அதன் அருகே நெடுநேரம் குந்தியிருந்தார். "கிடங்குக்காரர் அடித்துக் கொல்லப் பார்த்தார், நான் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன்" என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை.

சாரையும் நாகமும் தம்பதியர் என்ற பழங்கதையை நம்புவோர் இந்தச் செய்தியைக் கேட்க வேண்டும். நல்லபாம்பு எலியையும் தவளையையும் மட்டுமன்றி மற்றப் பாம்புகளையும் தின்னும். கட்டுவிரியனும் அவ்வாறே. இராஜநாகம் என்னும் கருநாகத்திற்கோ பாம்புதான் தலையாய உணவு. சாரை அதற்குப் பெருவிருந்து. மேற்குத் தொடர்ச்சி மலையின் இராஜநாகம் தனி இனம் என்று 2024ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வகுத்து, கன்னட மக்கள் அதற்கு வழங்கும் காளிங்கம் என்ற பெயரையே அறிவியற் பெயரின் பகுதியாகவும் சூட்டினார்கள். தன் இனத்தையும் அது விட்டுவைப்பதில்லை. ஆண் இராஜநாகம் பெண்ணைக் கொன்ற நிகழ்ச்சி ஆகும்பேப் பகுதியில் பதிவாகியிருக்கிறது. மங்களூரை அடுத்த பிலிகுளாவில் இராஜநாகங்களை இனப்பெருக்கம் செய்விக்கிறார்கள். இத்தகைய இடங்களில் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விடுவது என்பது காவலர் அருகில் நின்று கவனிக்க வேண்டிய காரியம். விட்டுவிட்டு உறங்கப் போகும் காரியமன்று.

இது வரையில் சொன்னதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஒன்றையொன்று தின்னும் இனங்களைச் சேர்த்து வைக்கக் கூடாது என்பது குழந்தைக்கும் விளங்கும். ஆனால், ஒன்றையொன்று தின்னாத, ஒரே இனத்துச் சாதுவான பாம்புகள் இரண்டை ஒரு பெட்டியில் வைத்தால் என்ன? பெங்களூரில் மலைப்பாம்பு வளர்ப்போர் கேட்கும் கேள்வி இதுவே. இடமும் மிச்சம், செலவும் மிச்சம், பாம்புக்கும் துணை என்பது அவர்கள் வாதம்.

அவர்கள் வளர்ப்பது பெரும்பாலும் 'பந்து மலைப்பாம்பு'. மேற்கு ஆப்பிரிக்காவையும் நடு ஆப்பிரிக்காவையும் சேர்ந்த சிறிய இனம். நான்கைந்து அடிக்கு மேல் வளர்வது அரிது. அஞ்சினால் தலையை நடுவில் மறைத்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். கடிக்க முந்தாத அந்தக் குணமே அதற்குப் பகையாய் முடிந்தது, உலகெங்கும் விலைப்பொருளாயிற்று. 2023 செப்டம்பரில் பெங்களூர் விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து உரிமை கோருவாரின்றிக் கிடந்த பெட்டிச் சுமையைச் சுங்கத்தார் திறந்தபோது 55 பந்து மலைப்பாம்புகளும் 17 இராஜநாகங்களும் உயிரோடு இருந்தன. உடன் வந்த ஆறு கபுச்சின் குரங்குகள் இறந்து கிடந்தன. உயிருள்ள பாம்புகள் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. அதற்கு முந்திய மாதம் அதே நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டியில் 234 விலங்குகள். அவற்றுள் இருந்த கங்காருக் குட்டி மூச்சுத் திணறி மாண்டது. 2024 ஏப்ரலில் மஞ்சள் அனகொண்டாக் குட்டிகள் பத்து. ஒரு பெட்டியில் பல உயிர்களை அடைப்பதன் உச்சம் இது. கடத்துபவனைக் குற்றவாளி என்கிறோம்; சரிதான். வாங்குவோர் இல்லாவிட்டால் அவன் கடத்தமாட்டான் என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டு நாகத்தையோ, சாரையையோ, மலைப்பாம்பையோ வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் 2024ஆம் ஆண்டு விதிகளையும் ஒட்டி, பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவ்வாறு பதிவு பெற்று, முன்னமே வளர்த்து வருவோருக்கே பின்வருவன.

பாம்பு குளிர்ந்த இரத்த உயிர் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதன் உட்பொருள் என்னவெனில், நமக்கு உணவிலிருந்து கிடைக்கும் வெப்பத்தை அது வெளியிலிருந்து பெற வேண்டும் என்பதாகும். உண்ட எலி செரிக்கவும், நோய் வந்தால் எதிர்க்கவும் வெப்பம் வேண்டும். ஆனேக்கல், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர்; மார்கழி இரவுகளில் நமக்கே கம்பளி தேவைப்படுகிறது. ஆகவே, பெட்டியின் ஒரு கோடியில் விளக்கோ சூட்டுத் தகடோ வைத்து 31, 32 பாகை வெப்பம் இருக்கும்படி செய்கிறார்கள். மறு கோடி 26 பாகை அளவில் குளிர்ந்திருக்கும். பாம்பு தன் தேவைக்கேற்ப இங்கும் அங்குமாக நகரும்.

இப்போது அந்தப் பெட்டியில் இரண்டு பாம்புகள். இரண்டும் சூட்டுக் கோடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. வீட்டுக்காரர் நண்பர்களை அழைத்து, 'எவ்வளவு அன்பாகப் படுத்திருக்கின்றன பாருங்கள்' என்கிறார். நாமும் அவ்வாறு அழைக்கப்பட்டிருக்கிறோம். அது அன்பா? மழைக்கு ஒரு கடையோரத்தில் ஒதுங்கிய இருவர் தோளோடு தோள் நிற்பதைக் கண்டு உறவினர் என்று முடிவு செய்வதுபோல அது. இருவருக்கும் வேண்டியது கூரை, மற்றவர் அல்லர். வெப்பமான இடம் ஒன்றுதான், மறைவிடமும் ஒன்றுதான். ஆகவே இரண்டும் அங்கே கிடக்கின்றன. நாளடைவில் பெரியது மேலே படுத்து வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். சிறியது குளிர்ந்த கோடிக்குத் தள்ளப்படும். சண்டை இல்லை, சீற்றம் இல்லை. சிறியது உண்பதைக் குறைக்கிறது, உண்டதும் செரிக்காமல் கக்குகிறது, மெலிகிறது. வயல்வெளியில் தோற்ற சாரை விலகி ஓடியதல்லவா? இங்கே ஓடுவதற்குக் கண்ணாடிச் சுவர்தான் இருக்கிறது.

மெலிவைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று. பந்து மலைப்பாம்பு காரணம் சொல்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் இயல்புடையது. எது உண்டது, எது உண்ணவில்லை, எப்போது கழிந்தது, எப்போது தோல் உரித்தது என்பவற்றை ஓர் அட்டையில் குறித்து வைப்பதுதான் பாம்பு வளர்ப்பின் வைத்திய சாஸ்திரம். காலையில் பெட்டியில் கக்கிய எலி ஒன்று கிடக்கிறது. கக்கியது இரண்டில் எது? எச்சத்தில் இரத்தம் தெரிகிறது, யாருடைய எச்சம்? வாய் பேசாத உயிருக்கு அதன் எச்சமே வாக்குமூலம். இரண்டு பேருடைய வாக்குமூலத்தை ஒரே தாளில் கலந்து எழுதினால் எந்த வைத்தியராலும் படிக்க முடியாது.

உணவு வேளையில்தான் ஆபத்து மிகுதி. பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. பற்றியதை உள்ளே தள்ளுவதற்கு அமைந்தவையேயன்றி விடுவதற்கு அமைந்தவையல்ல. பெட்டிக்குள் எலியின் மணம் பரவியதும் இரண்டு பாம்புகளும் விழிப்படைகின்றன. அந்த வேளையில் அசைவதெல்லாம் எலியாகவே தோன்றும். மற்றப் பாம்பின் தலையும் எலி, வளர்ப்பவரின் விரலும் எலி. ஒரே எலியை இரண்டும் இரு முனைகளில் பற்றிவிட்டாலோ, விழுங்கிக்கொண்டே வந்து நடுவில் வாயோடு வாய் சந்திக்கின்றன. பெரியது நிறுத்துவதில்லை; எலியோடு சேர்த்து எதிரே உள்ள தலையையும் விழுங்கத் தொடங்கிவிடுகிறது. பாம்பைத் தின்னாத இனத்திலும் இது நடக்கிறது. முடிவில் ஒன்று மாளும். சில வேளை இரண்டும் மாளும். உணவு வேளையில் மட்டும் பிரித்துவிட்டுப் பிறகு சேர்க்கிறோம் என்பாரும் உளர். உண்ட பாம்பைத் தூக்கினால் என்ன நேரும் என்பதைச் சற்று முன்பு நாகத்தின் கதையில் கண்டோம். அன்றியும், உண்ட பாம்பின் வாயில் எலி மணம் நெடுநேரம் நிற்கும்.

நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பின் செதில்களுக்கு அடியிலும் கண்ணோரத்திலும் ஒட்டி இரத்தம் குடிக்கும் சிறிய உண்ணி ஒன்று உண்டு. கருமையாய், ஊசித்தலை அளவில் இருக்கும். புதிதாக வந்த பாம்பில் நான்கு உண்ணிகள் இருந்தால், சில வாரங்களில் பெட்டி முழுவதும் பரவும். இதைக் கண்ணால் காணலாம். தண்ணீர்க் கிண்ணத்தில் மூழ்கிக் கிடக்கும். காணமுடியாதவையும் உள்ளன. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஓரணு உயிர் இரைப்பையின் சுவரைத் தடிக்கச் செய்யும். உண்டதெல்லாம் வெளியே வரும். நம்பத்தக்க மருந்து இல்லை. வழக்கமான குளோரின் நீரும் அதைக் கொல்வதில்லை. இன்னொன்று, போவா, மலைப்பாம்பு ஆகிய இனங்களைத் தாக்கும் கொடிய நரம்பு நோய். நோயுற்ற பாம்பு தலையைப் பின்னே வளைத்து மேல்நோக்கிப் பார்த்தபடி நிலைகுலையும். அந்நோய்க்குக் காரணம் அரினா வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2012ஆம் ஆண்டில் கண்டனர். இதில் கொடுமை யாதெனில், போவாக்கள் அதைச் சுமந்துகொண்டு நெடுநாள் நலமாகவே தோன்றக்கூடும். உடனிருக்கும் மலைப்பாம்போ விரைவில் மாளும். ஆகவேதான் புதிதாக வந்த பாம்பைத் தனி அறையில், தனிக் கிண்ணம், தனிக் கொக்கி என்று குறைந்தது ஒரு மாதமும், கூடுமானால் மூன்று மாதமும் ஒதுக்கி வைக்கிறார்கள். நம் வீட்டில் அம்மை கண்டவரைத் தனியறையில் வைத்து வாயிலில் வேப்பிலை செருகிய வழக்கத்தை நினைவுகூர்வோருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இவ்வளவும் அந்த இளைஞர் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய அன்னையார் உள்ளிருந்து ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரி, தனியாகவே கிடந்தால் அதற்கு ஏக்கம் வராதா? பாவம், அதுவும் ஓர் உயிர்தானே?" நாம் கற்ற புத்தகங்களைக் காட்டிலும் அந்தக் கேள்வி கூர்மையானது.

பாம்பு தனித்து வாழும் உயிர், அதற்கு உறவும் இல்லை, ஏக்கமும் இல்லை என்றுதான் நெடுநாள் கூறி வந்தார்கள். பெரும்பாலான பாம்புகள் முட்டையிட்டதும் போய்விடுகின்றன. மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக் காக்கிறது. இராஜநாகம் சருகு குவித்துக் கூடு கட்டிக் காவல் இருக்கிறது. ஆனால் குஞ்சுகளை வளர்ப்பதில்லை. என்றாலும் இந்தக் கூற்று இப்பொழுது அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. கனடா நாட்டில் மானிடோபா மாகாணத்து நார்சிஸ் என்னுமிடத்தில், சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளுக்குள் 'கார்ட்டர்' பாம்புகள் பதினாயிரக் கணக்கில் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அதே நாட்டில் 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, இவ்வினப் பாம்புகள் மறைவிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஏற்கெனவே பிற பாம்புகள் உள்ள இடத்தையே நாடுகின்றன என்றும், குறிப்பிட்ட சில தோழர்களோடு மீண்டும் மீண்டும் சேர்கின்றன என்றும் காட்டியது. நம் நாட்டிலேயே இராஜஸ்தானத்துப் பரத்பூர்ச் சரணாலயத்தில் மலைப்பாம்புகள் குளிர்காலத்தில் முள்ளம்பன்றியின் வளையில் முள்ளம்பன்றியோடு குடியிருக்கின்றன. குத்தகை என்னவென்று யாரும் கேட்பதில்லை!

ஆகவே அந்த அன்னையாரின் ஐயத்தை நாம் எள்ளிவிடவில்லை. பாம்புக்குத் துணை வேண்டாம் என்று அறுதியிட்டு உரைக்கும் துணிவு நமக்கு இல்லை. நாம் அவருக்குச் சொன்னது இதுதான்: நார்சிஸ் பாறைப் பிளவுக்குள் பாம்பு தானாகப் போகிறது, வேனில் வந்ததும் தானாகப் பிரிந்து பல கிலோமீட்டர் தொலைவுக்குச் செல்கிறது. பரத்பூர் வளையில் வெப்பம் போதாவிட்டால் வெளியே வந்து வெயில் காய்கிறது. யாரோடு சேர்வது, எப்போது பிரிவது என்பதை அதுவே முடிவு செய்கிறது. நான்கடிக் கண்ணாடிப் பெட்டியிலோ அந்த முடிவை நாம் செய்துவிடுகிறோம். சேர்த்து வைப்பது பாம்புக்குத் துணை தேடித் தருவதற்காக அன்று. இரண்டாவது பெட்டியின் விலையை மிச்சப்படுத்துவதற்காக. அன்னையார் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் வளர்க்காமலே இருப்பது உத்தமம்" என்று கூறி உள்ளே போய்விட்டார். அதையும் மறுக்க நமக்கு வாய் எழவில்லை.

பாம்பைத் தொழிலாகக் கையாளுவோர் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டில் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, விஷமுறிவு மருந்து செய்வோருக்கு அனுப்புகிறார்கள். அங்கே கண்ணாடியும் இல்லை, மின்விளக்கும் இல்லை. மணல் நிரப்பிய மண்பானைகள். வாயைத் துணியால் மூடிக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். இனத்தோடு இனம் கலப்பதில்லை. ஒவ்வொரு பாம்பும் சில வாரங்களே அங்கே தங்குகிறது. நான்கு முறை நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். மீண்டும் அதே பாம்பைப் பிடித்து வந்துவிடாமல் இருப்பதற்கே அந்த அடையாளம். மண்பானை வெயிலில் குளிர்ச்சியும் இருளும் தரும். பாம்புக்கு வேண்டிய அமைதியை அதைவிட மலிவாகத் தரும் பாத்திரம் வேறில்லை. பல தலைமுறையாகப் பாம்போடு பழகிய மக்களின் அறிவு இது.

நகரத்தில் வளர்ப்போர் செய்ய வேண்டியதும் இதனின் மாறுபட்டதன்று. ஒரு பாம்புக்கு ஒரு பெட்டி. அதன் நீளம், பாம்பு நிமிர்ந்து கிடக்கும் அளவுக்கேனும் இருக்கவேண்டும். சூட்டுக் கோடியில் ஒரு மறைவிடம், குளிர்க் கோடியில் ஒரு மறைவிடம். மறைவிடம் ஒன்றுதான் வைத்தால், பாம்பு வெப்பத்தையோ பாதுகாப்பையோ இரண்டில் ஒன்றை இழக்க நேரும். உடல் முழுவதும் அமிழும் தண்ணீர்த் தொட்டி, பூட்டு, மேலே தொங்கும் குறிப்பு அட்டை. இரண்டாம் பெட்டிக்கு இடமில்லாத வீட்டில் இரண்டாம் பாம்புக்கும் இடமில்லை.

பாம்பு பிடிக்கும் இளைஞர்களுக்கு இன்னும் ஒன்று. கண்ணாடி விரியன் முட்டையிடுவதில்லை, குட்டி போடும். தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு குட்டிகள் வருகின்றன என்பது பொய். ஆனால் ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள் வருவது மெய். பிறந்த கணம் முதல் ஒவ்வொன்றுக்கும் நஞ்சு உண்டு. சினை விரியனை வேறு பாம்புகளோடு ஒரு சாக்கில் போட்டு இரவில் வைத்துவிட்டு, காலையில் எண்ணிக்கை தெரியாமல் சாக்கின் வாயைத் திறப்பவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் மாண்டனர் என்பது 2020ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். பாம்பைக் காக்கப் புறப்பட்டவரும் அந்தக் கணக்கில் சேரலாகாது.

நம் இளைஞர் இப்போதும் அந்தத் தொண்டைச் செய்து வருகிறார். பழைய பீப்பாயில் அவருடைய அன்னையார் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார். மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில் ஆறு பருத்திப் பைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. தறியில் மிஞ்சிய நூலால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிறத்தில் கயிறு. பைக்கு ஒரு பாம்பு. பையோடு ஒரு சீட்டு. சீட்டில் பிடித்த இடமும் நேரமும். சென்ற மழைக்காலத்தில் ஒரே மாலையில் மூன்று அழைப்புகள் வந்தனவாம். சிவப்புக் கயிற்றில் நாகம், பச்சையில் சாரை, மஞ்சளில் ஒரு தண்ணீர்ப் பாம்பு. வனத்துறையாருக்குச் செய்தி சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மூன்றையும் மூன்று இடங்களில் விட்டுவந்தார். தண்ணீர்ப் பாம்பை விட்ட ஏரிக்கரையில் நாமும் உடனிருந்தோம். பையின் வாயைத் தரையோடு வைத்து மஞ்சள் கயிற்றை அவிழ்த்துவிட்டு அவர் நான்கடி பின்வாங்கினார். பாம்பு உடனே வரவில்லை. சிறிது நேரம் கழித்துத் தலையை மட்டும் நீட்டி, நாக்கை இரண்டு மூன்று முறை வெளியே விட்டுப் பார்த்து, பின்னர் நாணலுக்குள் போயிற்று.